இரண்டு தடவை பால் காய்ச்சிய வீடு

அந்தக் கேள்வியை நீங்கள் வாசல் கேட்டிலேயே வாட்ச்மேன் ரங்கனிடம் கேட்டுவிட்டீர்களாம். அவன் "செயலாளரைக் கேளுங்க" என்று இந்தப் பக்கம் கையைக் காட்டிவிட்டான். விவரமான ஆள். செயலாளர் நான்தான். வாருங்கள், உட்காருங்கள். அந்தச் சாய்வு நாற்காலி வேண்டாம், அதற்கு ஒரு கால் ஆடும். இதில் உட்காருங்கள். உங்கள் வீட்டம்மா விலைக்கு வந்திருக்கிற பக்கத்து டீச்சர் வீட்டை நிதானமாகப் பார்த்துவிட்டு வரட்டும். சாவியைக் கொடுத்துத்தான் அனுப்பியிருக்கிறேன். பெண்கள் வீடு பார்க்கும்போது நாம் பக்கத்தில் நிற்கக் கூடாது. நின்றால், அலமாரி பத்தாது என்பதை நம்மிடம்தான் சொல்வார்கள்.

சொல்கிறேன். கேட்டதற்குப் பதில் கட்டாயம் சொல்கிறேன். முதலில் இடத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேனே.

இது முன்னே தென்னந்தோப்பு. மரத்தை வெட்டாமல் நடுவில் நடுவில் தூண் எழுப்பி வீடு வைத்திருக்கிறார்கள். வைத்திருக்கிறார்கள் என்றுதான் சொல்ல வேண்டும், கட்டியிருக்கிறார்கள் என்று சொல்ல முடியாது. வீட்டை முழுசாகப் பட்டறையில் செய்து, ஜன்னல், கதவு, குழாய், வாஷ்பேசின் எல்லாம் மாட்டி, நீள லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து கிரேனால் தூக்கித் தூண்மேல் இறக்குகிறார்கள். வீடு நமக்குச் சொந்தம், மண் அவர்களுக்குச் சொந்தம், மண்ணுக்கு மட்டும் மாத வாடகை. படியே கிடையாது, எல்லாம் சாய்தளம். செவ்வாய்க்கிழமை டாக்டர் வருவார். சமைக்க முடியாவிட்டால் பொதுச் சமையலறையில் சாப்பிடலாம். சாயங்காலம் நடக்கப் போனால் எதிரில் வருகிறவருக்கும் முட்டி வலி. அதைவிட வேறென்ன வேண்டும், சொல்லுங்கள். நாங்கள் வந்தபோது பாதி இடத்தில் வெறும் தூண்கள் நின்றன. இப்போது தூணே கண்ணில் படாது. ஞாயிற்றுக்கிழமையானால் திருப்பூர், கரூர், சேலம் என்று கார்கள் வந்துகொண்டே இருக்கின்றன. பெரிய வீட்டை விற்றுவிட்டுச் சின்ன வீட்டுக்கு வர இத்தனை பேர் அலைவார்கள் என்று அன்றைக்கு யாராவது சொல்லியிருந்தால் நான் அவ்வளவு வெட்கப்பட்டிருக்க மாட்டேன்.

ஆமாம், வெட்கம்தான். எங்கள் பழைய வீடு ஈரோட்டில், மாடி வீடு. என் மனைவி சௌந்தரத்துக்கு முட்டி போன பிறகு மாடியில் காயப்போட்ட துணியை எடுக்க ஆள் தேட வேண்டியிருந்தது. அவள்தான் இந்த இடத்தைக் கண்டுபிடித்தாள். அவள்தான் வந்து பார்த்தாள், அவள்தான் முடிவு செய்தாள். எனக்கு என்ன கவலை என்றால், எங்கள் ஒரே பெண் தேன்மொழியைக் கொடுத்திருக்கும் இடம் தாராபுரத்தில் கல்லும் காரையுமாகக் கட்டிய நல்ல காரைவீட்டுக்காரர்கள். அவர்களிடம் போய், எங்கள் வீடு லாரியில் வந்து இறங்கியது என்று எப்படிச் சொல்வது? நீங்களே சொல்லுங்கள். அதனால் இதே பொள்ளாச்சிப் பக்கம் புது வீடு கட்டிக்கொண்டிருக்கிறோம், முடியும்வரை சின்னதாக ஓர் இடத்தில் வாடகைக்கு இருக்கிறோம் என்று சொல்லி வைத்தேன். பெண் ஒரு நாள் வந்து பார்த்துவிட்டு, "அழகா இருக்குப்பா, பொம்மை வீடு மாதிரி" என்றாள். "உன் மாமியார்கிட்ட மூச்சு விடக் கூடாது கண்ணு" என்றேன். பொம்மை வீடு என்று சொன்னாளே, அதனால்தான்.

வீடு வந்து இறங்கிய அன்றைக்குக் கூட நான் யாரையும் கூப்பிடவில்லை. சௌந்தரம் மட்டும் விடவில்லை. "பால் காய்ச்சாம எப்படிங்க குடி போறது?" என்றாள். அடுப்பு இருந்தது, பால் இல்லை. பக்கத்து வீட்டு அமிர்தம் டீச்சர்தான் ஒரு சொம்புப் பாலோடு வந்து நின்றார். நீங்கள் பார்க்க வந்திருப்பது அவர் வீட்டைத்தான். மூன்று பேரும் அடுப்பைச் சுற்றி நின்றோம். பால் கிழக்குப் பக்கம் பொங்கி வழிந்தது. சௌந்தரம் சிரித்த சிரிப்பை நான் அதற்கு முன்னால் எப்போது பார்த்தேன் என்று ஞாபகம் இல்லை. சரி, அது இருக்கட்டும்.

பிறகு என்னை இங்கே குடியிருப்பவர்கள் சங்கத்துக்குச் செயலாளராகப் போட்டார்கள். நான் கேட்கவில்லை, அவர்களாகப் போட்டார்கள். நூற்பாலையில் ஆட்களை வேலை வாங்கிய பழக்கம், அதை முகத்தைப் பார்த்தாலே கண்டுபிடித்துவிடுகிறார்கள் போலிருக்கிறது. இங்கே எதையும் கூட்டத்தில் கை தூக்கித்தான் முடிவு செய்வோம். வீட்டுக்கு ஒரு கை. கணவன், மனைவி இரண்டு பேரும் இருந்தாலும் ஒரு கைதான்.

முதல் கோடையிலேயே ஒரு புகார் வந்துவிட்டது. டீச்சருடைய பேரன் பள்ளிக்கூட லீவுக்கு வந்தான். மணி அடித்துக்கொண்டே சைக்கிளில் சுற்றினான், பந்து அடித்தான். மத்தியானம் தூங்க முடியவில்லை என்று இரண்டு பேர் என்னிடம் வந்து சொன்னார்கள். நான் தூங்குவதில்லை, எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் புகார் என்று வந்துவிட்டால்? ஐம்பத்தைந்து தாண்டியவர்களுக்கான இடம் என்றுதானே எல்லாரும் வந்திருக்கிறோம்? கூட்டம் போட்டேன். டீச்சர் எழுந்து, "லீவு முடியற வரைக்கும்தானுங்க செயலாளரய்யா, அவங்கப்பனும் அம்மாளும் வேலைக்குப் போறவங்க" என்றார். நான் சொன்னேன், "இன்னைக்கு ஒரு பேரன்னா நாளைக்கு ஒரு பேத்தி, நாளன்னைக்கு வாசல்ல ஆயா வேலைக்கு ஆள் தேவைன்னு போர்டு வெக்கணும்." எல்லாரும் சிரித்தார்கள். நன்றாகத்தான் சொல்லியிருந்தேன். குழந்தைகள் பகலில் வரலாம், இரவு தங்கக் கூடாது என்று தீர்மானம் வைத்தேன். கைகள் எழுந்தன. டீச்சர் கை மட்டும் மடியில் இருந்தது. அன்றைக்கே பையனை பஸ் ஏற்றிவிட்டார். போகும்போது பையன் எனக்கு டாட்டா காட்டினான். சின்னப் பையன்களுக்கு யார் என்ன என்று தெரியுமா?

கேட்டில் போர்டு பார்த்திருப்பீர்கள். 'சிறுவர்கள் மாலை ஆறு மணிக்கு மேல் தங்க அனுமதி இல்லை.' எழுத்து நன்றாக இருக்கிறது என்று வருகிறவர்கள் எல்லாம் சொல்கிறார்கள். அது என் கையெழுத்துதான். பெயிண்டர் எழுதினால் கோணலாக எழுதுவான் என்று நானே பிரஷ் பிடித்து எழுதினேன்.

அடுத்த வருஷம் தேன்மொழி உண்டானாள்.

நம் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியாததா? வளைகாப்பு முடிந்ததும் பெண்ணை அம்மா வீட்டுக்கு அழைத்து வர வேண்டும். முதல் பிரசவம் அம்மா வீட்டில்தான். பிள்ளைக்கு மூன்று மாதம் ஆகித்தான் திருப்பி அனுப்ப வேண்டும். சௌந்தரம் பழைய பருத்திச் சேலைகளைக் கிழித்துத் துவைத்து மடித்து வைக்க ஆரம்பித்துவிட்டாள். தூளிக்குக் கொக்கி மாட்ட இந்தக் கூரை தாங்குமா என்று பட்டறைக்காரனுக்குப் போன் போட்டுக் கேட்டாள். தாங்குமாம்.

"போர்டு இருக்கே" என்றேன்.

"அந்த போர்டை எழுதுனவருகிட்டக் கேட்டாப் போச்சு" என்றாள்.

"கிண்டல் பண்ணாத. சங்கத்தோட முடிவு."

"அப்ப சங்கத்துல கேளுங்க. ஒரு வார்த்தை கேளுங்க. டீச்சரே மொதக் கையத் தூக்குவாங்க. அதுவுமில்லாம, பொறக்கற பிள்ளைக்கு வயசே இல்லீங்களே, அதுக்கு எந்தச் சட்டமுங்க?"

டீச்சரே தூக்குவார் என்பதுதான் எனக்கு ஆகவில்லை. அவர் தூக்காமல் இருந்தால்கூடக் கேட்டிருப்பேன். டீச்சர் முகத்துக்கு நேரே நின்று, என் பேரப்பிள்ளைக்கு மட்டும் இடம் கொடுங்கள் என்று எந்த வாயால் கேட்பது? செயலாளர் தனக்கு ஒன்று, ஊருக்கு ஒன்று என்று நாளைக்கு யாரும் சொல்லிவிடக் கூடாது அல்லவா? நியாயம் என்று ஒன்று இருக்கிறது. நான் அதைத்தான் சௌந்தரத்திடம் சொன்னேன். அவள் கிழித்த சேலைகளை எடுத்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டாள்.

வேறு வழி இல்லாமல்தான் சம்பந்தி அம்மாவுக்குப் போன் செய்தேன். கலாமணி என்று பெயர். தங்கமான பெண். என்னை அண்ணா என்றுதான் கூப்பிடும். "அம்மிணி, புது வீடு தயாராகிருச்சு. ஆனா இன்னும் பால் காய்ச்சலீங்க. பொண்ணு வயித்துப் பிள்ளையோட இருக்கறப்ப குடும்பத்துல புது வீடு புகக் கூடாதில்லீங்களா? இப்ப நாங்க இருக்கறது பொட்டி மாதிரி வாடகை எடம். அதனால பிரசவம் உங்க வீட்டுலயே..." என்றேன். அந்தம்மா "ஆமாங்கண்ணா, அது ஆகாதுங்க. நானே பாத்துக்கறனுங்க. அண்ணிக்கு மனசு கஷ்டமா இருக்குமே?" என்று மட்டும் கேட்டது. "அவளே ஒத்துக்கிட்டாளுங்க" என்றேன்.

பொய் என்று சொல்லாதீர்கள். கர்ப்பிணி இருக்கும் வீட்டில் குடி போகக் கூடாது என்பது உண்மைதானே? நாங்கள் ஏற்கனவே குடி வந்துவிட்டோம் என்பதைத்தான் சொல்லவில்லை.

ஆண் குழந்தை. தாராபுரம் ஆஸ்பத்திரியில்தான் பிறந்தது. போய்ப் பார்த்துவிட்டு வந்தோம். சம்பந்தி வீட்டில் தங்கக் கூடாது என்று அன்றைக்கே பஸ் ஏறினோம். பஸ்ஸில் சௌந்தரம் ஜன்னல் பக்கமாகவே திரும்பி உட்கார்ந்திருந்தாள். "காத்து வருதா?" என்று கேட்டேன். "வருதுங்க" என்றாள். என் மேல் தப்பு என்று அவள் ஒரு தடவையாவது சொல்லியிருக்கலாம். சொன்னதே இல்லை. சொல்லியிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன்.

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். எங்கே முடிந்தது? தீட்டுக் கழிந்ததும் கலாமணி போன் செய்தது. "அண்ணா, இனி என்னங்க தடை? நல்ல நாள் பாருங்க. சீர் கொண்டுகிட்டு நாங்க எல்லாரும் வர்றோம். பால் காய்ச்சிரலாமுங்க."

காட்டுவதற்கு வேறு வீடு ஏது? இரண்டு வருஷமாகக் குடி இருக்கும் இதே வீட்டுக்கு நான் நாள் பார்த்தேன். எந்த ஜோசியரிடமும் போகவில்லை, காலண்டரிலேயே பார்த்தேன். பார்த்துவிட்டு அந்தக் காலண்டரையும் ஆணியிலிருந்து கழற்ற வேண்டியதாயிற்று. புது வீட்டில் பாதி கிழித்த காலண்டர் எப்படி வந்தது என்று கேட்பார்களே! அரிசி டின், மிக்ஸி, ஊறுகாய் ஜாடி, என் சாய்வு நாற்காலி, சௌந்தரத்தின் முட்டி பெல்ட், எல்லாவற்றையும் மறைக்க இடம் வேண்டும். பக்கத்து வீட்டை விட்டால் யார்? டீச்சர் வாசலில் போய் நின்றேன். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் வெயில் அதிகம் என்றேன்.

சொன்னதை எல்லாம் கேட்டுக்கொண்டார். "நான் வாழ்நாள் முழுக்க வீட்டுப்பாடம் எழுதாத பசங்க சொல்ற கதையக் கேட்டவளுங்க செயலாளரய்யா" என்றார். "உங்க கதை பரவாயில்ல. பாஸ் மார்க் போடலாம். கொண்டாந்து வையுங்க." அவரும் சேர்ந்து தூக்கினார், அந்த வயதில். பேரன் சைக்கிள் நின்ற இடத்தில் என் சாய்வு நாற்காலியைப் போட்டோம். சைக்கிளை எப்போது எடுத்துக்கொண்டு போனார்கள் என்று நான் கேட்கவில்லை.

இங்கே இருக்கிற மற்றவர்களிடமும் சொல்லி வைத்தேன். அன்றைக்கு என்னைப் பார்த்தால் புதுசாகப் பார்க்கிற மாதிரி பாருங்கள் என்று. வயசானவர்களுக்கு இந்த மாதிரி வேலை என்றால் எங்கிருந்துதான் உற்சாகம் வருமோ! இன்ஜினியர் மாரப்பன் அன்றைக்கு வேண்டுமென்றே வந்து, "சார் புதுசா குடி வர்றீங்களா? சங்கத்துச் செயலாளர் ரொம்பக் கறார் ஆளுங்க, பாத்து நடந்துக்குங்க" என்று சம்பந்தி காதில் விழுகிற மாதிரி சொல்லிவிட்டுப் போனார். நான் "அப்படீங்களா" என்றேன். வேறென்ன சொல்ல?

வேனில் வந்து இறங்கினார்கள். தட்டுத் தட்டாகச் சீர். குத்துவிளக்கு, பித்தளைக் குடம், சௌந்தரத்துக்குப் பட்டு. மாப்பிள்ளை, மாப்பிள்ளையின் அப்பா, நடுவில் தேன்மொழி கையில் பிள்ளை. சம்பந்தி சாய்தளத்தில் நடந்து வந்து, தூணைக் குனிந்து பார்த்து, சுவரைத் தட்டிப் பார்த்து, "அட, நல்லா இருக்குதுங்களே! நமக்கும் ஒண்ணு இங்க சொல்லி வெக்கலாம் போல, எங்க மாடிப்படியும் இப்ப ஆகறதில்லீங்க" என்றார். இதற்காகத்தான் அத்தனை நாள் பயந்தேன் பாருங்கள். அவர் முகத்தில் கேலி இருக்கிறதா என்று தேடித் தேடிப் பார்த்தேன். இல்லை.

அடுப்பு ஏற்றினோம். தேய்த்துத் தேய்த்து, கடையிலிருந்து வந்த மாதிரி ஆக்கி வைத்திருந்தேன். சௌந்தரம் பாலை ஊற்றினாள். எல்லாரும் சுற்றி நின்றோம். டீச்சர் கதவோரம் நின்றார், புதுசாக அறிமுகமானவர் மாதிரி. பால் நுரை கட்டிக்கொண்டு மேலே வந்தது. பெண்கள் குலவை போட்டார்கள். என் பக்கத்தில் நின்ற கலாமணி, பாலைப் பார்த்துக்கொண்டே, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி மெதுவாகக் கேட்டது.

"போன தடவை எந்தப் பக்கமுங்கண்ணா பொங்குச்சு?"

"கிழக்கேதாம்மா" என்றேன்.

சொல்லிவிட்டேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது. அப்புறம்தான் என்ன கேட்டது, என்ன சொன்னேன் என்று எனக்கு உறைத்தது. நான் பாத்திரத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பால் வழிந்து அடுப்பில் சொய் என்றது.

"இந்தத் தடவையும் கிழக்கேதானுங்க" என்றது கலாமணி. "நல்லதுங்க." அவ்வளவுதான். திரும்பித் தேன்மொழியிடம் போய்ப் பிள்ளையை வாங்கி வந்து என் கையில் கொடுத்தது. கேலி செய்கிறவர்கள் அப்படிக் கொடுக்க மாட்டார்கள். அதனால்தான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

அந்தம்மாவுக்கு யார் சொன்னார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. தேன்மொழியா, சௌந்தரமா, எப்போது, எதுவும் தெரியாது. நான் கேட்கவும் இல்லை. கேட்டு என்ன ஆகப்போகிறது?

விருந்து முடிந்து எல்லாரும் அப்பாடா என்று உட்கார்ந்தார்கள். பிள்ளை என் மடியிலேயே தூங்கிவிட்டது. சௌந்தரம் கட்டிலுக்கு அடியில் இருந்து அந்தப் பழைய சேலைகளை எடுத்துக் கொக்கியில் தூளி கட்டினாள். கொக்கி எப்போது மாட்டினாள் என்றுகூட நான் கவனித்ததில்லை. நன்றாகத்தான் தாங்கியது. தேன்மொழி தூளியை ஆட்டிக்கொண்டே, "இன்னிக்கு ஒரு ராத்திரி இருந்துட்டுப் போகட்டுமாப்பா?" என்று கேட்டாள். நான் பதில் சொல்வதற்குள் ரங்கன் வாசலில் வந்து நின்று தொண்டையைச் செருமினான்.

"ஐயா, ஆறு மணி ஆவப்போவுதுங்க. வேன் எப்பக் கிளம்புதுங்க?"

பாவம், அவன் மேல் தப்பில்லை. குழந்தைகளோடு வருகிறவர்களுக்கு ஆறு மணிக்கு முன்னால் ஞாபகப்படுத்த வேண்டும் என்று அவனுக்கு உத்தரவு போட்டதே நான்தான். செயலாளர் வீடு என்று விட்டுவிடாதே, என் வீடாக இருந்தாலும் கேள் என்றும் சொல்லியிருந்தேன். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். டீச்சரும் பார்த்தார். ஒரு வார்த்தைதான். "பரவாயில்ல, போப்பா" என்று ரங்கனிடம் சொன்னால் போதும். எனக்கு வந்த வார்த்தை என்ன தெரியுமா?

"வழியில இருட்டீருமுங்க" என்றேன்.

சௌந்தரம் பிள்ளையைத் தூளியிலிருந்து எடுத்துத் தேன்மொழியிடம் கொடுத்தாள். உள்ளே போனாள். வெளியே வரும்போது கையில் பை. துணி எல்லாம் முன்னமே மடித்து வைத்திருந்தாள் போலிருக்கிறது. "நானும் பத்து நாள் இருந்துட்டு வரேனுங்க" என்று சொல்லிவிட்டு, யாரும் கை கொடுப்பதற்குள் வேனில் ஏறி உட்கார்ந்து, பிள்ளையை மடியில் வாங்கிக்கொண்டாள். பெண்ணைக் கொடுத்த வீட்டில் போய் உட்காருவது நம்மில் வழக்கமா? அதைச் சொல்ல வாயெடுத்தேன். கலாமணி, "வாங்கண்ணி, நம்ம வீடுதானுங்க" என்று பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது. கேட்டில் அந்த போர்டைத் தாண்டித்தான் வேன் போனது.

அன்றைக்குப் பொழுது சாய டீச்சர் என் சாமான்களை ஒவ்வொன்றாகத் திருப்பிக் கொண்டுவந்து வைத்தார். அரிசி டின், ஜாடி, மிக்ஸி. நாற்காலியை இழுத்துக்கொண்டு வரும்போதுதான் அதன் கால் ஆட ஆரம்பித்தது. கடைசியில் முட்டி பெல்ட். "இதை எடுத்துக்காமப் போயிட்டாங்களே. தாராபுரத்துக்கு அனுப்பி வையுங்க" என்றார். "எதுக்குங்க, பத்து நாள்ல வந்துருவாள்ல" என்றேன். டீச்சர் என்னைப் பார்த்தார், மார்க் போடுகிற மாதிரி.

பெல்ட் அதோ, கதவுக்குப் பின்னால் தொங்குகிறது. பிள்ளை இப்போது தவழ்கிறதாம். தேன்மொழி போனில் காட்டினாள். சௌந்தரமும் நன்றாகத்தான் இருக்கிறாள், பிள்ளைக்குப் பின்னாலேயே நடப்பதில் முட்டி வலி குறைந்துவிட்டது என்கிறாள். வந்துவிடுவாள். பிள்ளை நடக்க ஆரம்பித்ததும் வந்துவிடுவாள். டீச்சரும் போன மாதம் மகன் வீட்டோடு போய்விட்டார். மகன் கூப்பிட்டான், போய்விட்டார், வேறொன்றும் இல்லை. போகும்போது சாவியை என்னிடம் கொடுத்து, "பேரன், பேத்தி இருக்கறவங்களா வந்தா அவங்களுக்கே பேசி முடிச்சுக் குடுங்க" என்றார். ஏன் அப்படிச் சொன்னார் என்று எனக்குப் புரியவில்லை.

உங்களுக்கு எத்தனை பேரப்பிள்ளைகள்? இரண்டா? வேலூரிலா? சரி, சரி.

அதோ உங்கள் வீட்டம்மா வருகிறார்கள். முகத்தைப் பார்த்தால் பிடித்துவிட்டது போலிருக்கிறது. இருங்கள், அவர்கள் வருவதற்குள் சொல்லிவிடுகிறேன். நீங்கள் கேட்ட கேள்விக்கு இன்றைக்குப் பதில், பேரப்பிள்ளைகள் இரவு தங்க முடியாது. ஆனால் வீட்டை வாங்கிவிட்டீர்கள் என்றால் சங்கத்தில் உங்களுக்கும் ஒரு கை. வந்து முதல் கூட்டத்திலேயே எழுந்து, அந்த போர்டை எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். பயப்படாமல் கேளுங்கள். செயலாளர் எதிர்த்துப் பேசுவார் என்று யாராவது சொல்வார்கள், காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். நான் மேஜைக்குப் பின்னால் குனிந்து எழுதிக்கொண்டிருக்கிற மாதிரிதான் இருப்பேன். நீங்கள் கையைத் தூக்குங்கள். மாரப்பன் தூக்குவார். இன்னும் நாலைந்து பேர் தூக்குவார்கள், எனக்குத் தெரியும்.

நீங்கள் முதலில் தூக்கிவிடுங்கள். அவ்வளவுதான் நான் கேட்பது.